பதினைந்து வயதில் வந்து இறங்கும் பிள்ளைகள்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாலு தமிழர் கூடிப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்தால், பேச்சு இங்கே பிறந்த பிள்ளைகளைத்தான் சுற்றும். யாருடைய மகள் மருத்துவத்துக்கு எடுபட்டாள், யாருடைய மகன் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், யாருக்கு எத்தனை வீதம் சராசரி. அவர்களுக்கும் சிக்கல்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் எழுத வந்தது வேறு பிள்ளைகளைப் பற்றி. பதினாலு, பதினைந்து, பதினாறு வயதில் பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கி, கொஞ்ச நாளிலேயே ஒரு ஹைஸ்கூல் வாசலில் பையோடு நிற்கிற பிள்ளைகள். அப்பா முதலில் வந்து, அகதி வழக்கு வென்று, பிறகு குடும்பத்தை எடுப்பித்த வீடுகள். இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு குடும்பமாகவே வந்து, இன்னமும் வழக்குக்குக் காத்திருக்கிற வீடுகள்.

பகலில் நான் ஒரு பல் மருத்துவ நிலையத்தின் முன்மேசையில் வேலை செய்கிறேன். வியாழன் மாலையும் சனி காலையும் மார்க்கம் வீதிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளப் பொது அறையில் நாங்கள் சிலர் இந்தப் பிள்ளைகளோடு இருக்கிறோம். படிப்பு வட்டம் என்று பெயர். நீள மேசைகள், ஒரு வெள்ளைப் பலகை, யாராவது வீட்டில் இருந்து கொண்டுவரும் ரோல்ஸ், பிளேன்ரீ. அவ்வளவுதான் எங்கள் வசதி.

புதிதாக வந்த பெற்றோர் முதலில் விசாரிப்பது நல்ல ரியூசன் எங்கே என்று. நான் அவர்களிடம் முதலில் கேட்பது, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் உங்களுக்குப் பேர் தெரிந்த ஒருவராவது இருக்கிறாரா என்று. ரியூசன் பிறகு பார்க்கலாம். வீட்டையும் தெரிந்து, இந்த நாட்டுப் பள்ளி எப்படி இயங்குகிறது என்றும் தெரிந்த ஒரு பெரிய ஆள் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தால், பாதிச் சிக்கல் வராமலே போய்விடும்.

ஊரில் படித்த பிள்ளைக்குப் படிப்பு என்றால் சோதனை. ஓ.எல். என்கிற 11ஆம் வகுப்புப் பொதுச் சோதனை வரை அப்படித்தான் பழக்கம். வருடம் முழுக்க எப்படித் திரிந்தாலும் கடைசி மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்தால் கரை சேரலாம். இங்கே, ஒன்ராறியோ மாகாணத்தில், ஒரு பாடத்தின் இறுதிப் புள்ளியில் 70 வீதம் தவணை முழுக்கச் செய்கிற வேலைக்கு. கடைசிச் சோதனை, இறுதி ஒப்படை எல்லாம் சேர்த்து 30 வீதம்தான். பெரும்பாலான ஹைஸ்கூல்களில் செப்டெம்பரில் தொடங்கும் நாலு பாடமும் ஜனவரி கடைசியில் முடிந்துவிடும், பெப்ரவரியில் வேறு நாலு பாடம். இதை யாரும் அவர்களுக்கு ஆற அமர இருத்திச் சொல்வதில்லை. நவம்பரில் முதல் றிப்போட் வரும்போதுதான் வீடு அதிர்கிறது.

கிளிநொச்சியில் இருந்து வந்த ஒரு பெடியன். இருபடிச் சமன்பாட்டைப் பார்த்த உடனேயே விடை சொல்லுவான். அவனுடைய முதல் கணக்குத் தாள் 58 வீதத்தோடு வந்தது. வாங்கிப் பார்த்தேன். விடைகள் அநேகமாக எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் இரண்டே வரி. இங்கே புள்ளியை நாலு பிரிவாகப் பிரித்துப் போடுவார்கள்: அறிவு, சிந்தனை, தொடர்பாடல், பிரயோகம். மேலே எறிந்த பந்து எப்போது நிலத்தில் விழும் என்பது கேள்வி. அவன் நேரத்துக்கு இரண்டு விடை எடுத்து, மறைப் பெறுமானத்தை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, மற்றதைச் சரியாக எழுதியிருந்தான். நேரம் மறை எண்ணாக வராது, அதனால் அதை விடுகிறேன் என்ற ஒரு வசனம் இல்லை. அந்த வசனத்துக்கு உரிய புள்ளி போய்விட்டது. தாள் முழுக்க இதே கதை.

"நான் பக்கத்துப் பெடியனைப் பார்த்து எழுதினது எண்டு மிஸ் நினைக்கிறா போல" என்றான். கிழமைக்கணக்காக அதை மனதில் வைத்துக்கொண்டு, அந்த வகுப்பில் தலை நிமிராமல் இருந்திருக்கிறான்.

அன்றைக்கு நாங்கள் புதுக் கணக்கு ஒன்றும் செய்யவில்லை. அதே தாளை எடுத்து, ஒவ்வொரு விடைக்குக் கீழும் ஒரு வசனம் எழுதினோம். முதலில் தமிழில், பிறகு இங்கிலிஷில். தமிழில் எழுதும்போது அவன் தயங்கவே இல்லை. விளக்கம் அவன் தலைக்குள் முழுதாக இருந்தது. அதை எழுதிக் காட்ட வேண்டும் என்று கேட்பதுதான் அவனுக்குப் புதிது. அடுத்த கிழமை அவனே ரீச்சரிடம் போய், எழுதிய வசனங்களைக் காட்டி, இப்படி எழுதினால் சரியா என்று கேட்டிருக்கிறான். ரீச்சர் அரை மணி நேரம் இருத்திச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பள்ளி விட்ட பிறகும் மதிய இடைவேளையிலும் போய் உதவி கேட்கலாம், அது குறைச்சல் இல்லை என்பதே இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய செய்தி. ஊரில் ரீச்சரிடம் தனியே போய்க் கேள்வி கேட்டுப் பழகியவர்கள் குறைவு.

அப்புறம் பாடத் தெரிவு. இதில்தான் நான் எல்லாப் பெற்றோரையும் கெஞ்சிக் கேட்கிறேன்.

1999இல் இருந்து ஒன்ராறியோவில் 9ஆம் வகுப்பிலேயே பிள்ளைகளை அகடமிக் (கோட்பாடு சார்ந்த பாடம்), அப்ளைட் (செய்முறை சார்ந்த பாடம்) என்று இரண்டாகப் பிரித்துவந்தார்கள். குடியேறிய வீட்டுப் பிள்ளைகளும் வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் அப்ளைட் பக்கம் அதிகமாகத் தள்ளப்படுகிறார்கள் என்று பல வருடம் போராடித்தான், 2021இல் கணிதத்திலும் 2022இல் மற்றப் பாடங்களிலும் 9ஆம் வகுப்புப் பிரிவினையை நிறுத்தினார்கள். ஆனால் 10ஆம் வகுப்பில் அது இன்னமும் இருக்கிறது. பாடக் குறியீட்டின் கடைசி எழுத்தைப் பாருங்கள். எம்பிஎம்2டி என்றால் அகடமிக் கணிதம். எம்எஃப்எம்2பி என்றால் அப்ளைட். 11, 12இல் வேறு எழுத்துகள்: யூ என்றால் பல்கலைக்கழகம், சி என்றால் கொலிஜ் (தொழில் சார்ந்த கல்லூரி), எம் என்றால் இரண்டுக்கும், ஈ என்றால் நேரே வேலைக்கு. 10ஆம் வகுப்பில் எம்எஃப்எம்2பி எடுத்த பிள்ளை 11ஆம் வகுப்பில் பல்கலைக்கழகக் கணிதமான எம்சிஆர்3யூவில் அப்படியே போய் இருக்க முடியாது. திரும்பிப் போய் எம்பிஎம்2டி முடிக்க வேண்டும். எம்சிஆர்3யூ இல்லாமல் எஞ்சினியரிங் கேட்கிற 12ஆம் வகுப்புக் கணிதம் தள்ளிப் போய்விடும். பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு திரையில் தட்டிய எழுத்து, மூன்று வருடம் கழித்து வந்து மறித்துக்கொண்டு நிற்கும்.

புதிதாக வந்த பிள்ளைக்கு எளிதாக இருக்கட்டும் என்று நல்ல மனதோடு அப்ளைட் பாடத்தைச் சொல்கிறவர்கள் பள்ளிகளில் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இங்கிலிஷ் குறைவு என்பதைக் கணக்குக் குறைவு என்று எடுக்க விடக்கூடாது. கையெழுத்து வைக்க முன்னர், பாடத் தெரிவுக்கு வழிகாட்டுகிற கைடன்ஸ் கவுன்சிலரிடம் நேரம் கேளுங்கள். என் பிள்ளை ஏன் இந்தப் பாடத்தில், எந்தப் புள்ளியை வைத்து முடிவு எடுத்தீர்கள், அகடமிக் எடுத்தால் என்ன உதவி கிடைக்கும் என்று கேளுங்கள். கொலிஜ் போவதோ எலெக்ட்ரிஷன் ஆவதோ குறைவான வழி என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். எங்கள் வட்டத்தில் இருந்து அப்ரன்டிஸாக (தொழில் பழகுநராக) போன ஒருவன் இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கிறான், வேலையை அவ்வளவு விருப்பத்தோடு செய்கிறான். அவன் தானே விரும்பி எடுத்தான். யாரோ தள்ளிவிட்ட இடத்தில் கிடக்கிற பிள்ளையின் முகம் வேறு மாதிரி இருக்கும்.

ஈ.எஸ்.எல்., அதாவது இங்கிலிஷை இரண்டாம் மொழியாகப் படிக்கிற வகுப்பு, அதைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையை ஈ.எஸ்.எல். வகுப்பில் போட்டால் மானம் போய்விட்டது என்று நினைக்கிற வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். ஏ முதல் ஈ வரை ஐந்து படி அது. ஹைஸ்கூல் முடித்த பட்டயத்துக்கு வேண்டிய 30 கிரெடிட்டில் (ஒரு முழுப் பாடம் முடித்தால் ஒரு கிரெடிட்) இங்கிலிஷுக்கு நாலு கட்டாயம். அந்த நாலில் மூன்று வரை ஈ.எஸ்.எல். கிரெடிட்டால் நிரப்பலாம், நாலாவது 12ஆம் வகுப்பு இங்கிலிஷாக இருந்தால் சரி. ஊரில் படித்த வருடங்களுக்கும் கிரெடிட் உண்டு. றிப்போட்டுகளை மொழிபெயர்த்துக் கொண்டுபோனால் அதிபர் பார்த்துக் கணிப்பார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் ஹைஸ்கூல் கிரெடிட் எடுக்கலாம். மற்ற எல்லாப் பாடத்திலும் பின்னால் நிற்கிற பிள்ளைக்குத் தமிழில் 90க்கு மேல் ஒரு புள்ளி றிப்போட்டில் விழுந்தால், அந்தப் பிள்ளையின் நடையே மாறும். நாலு வருடத்தில் முடித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பதினாறில் வந்த பிள்ளை ஒரு வருடம் கூடுதலாக எடுப்பது வெட்கம் இல்லை.

றிப்போட் என்றதும் ஞாபகம் வருகிறது. பெற்றோர் வீதத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடுவது போல மூடி வைத்துவிடுகிறார்கள். அதே தாளில் ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனித்து வேலை செய்தல், கூடி வேலை செய்தல், முன்முயற்சி, தன்னைக் கட்டுப்படுத்தல் என்று ஆறு கட்டங்கள் இருக்கின்றன. ஈ, ஜி, எஸ், என் என்று எழுத்துப் போடுவார்கள். ஈ என்றால் மிக நன்று, என் என்றால் முன்னேற வேண்டும். வீதம் 70 இருந்தாலும் பொறுப்பில் 'என்' விழுந்தால், பிள்ளை ஒப்படைகளைக் கொடுக்கவில்லை, அல்லது வகுப்புக்கே ஒழுங்காகப் போகவில்லை. புள்ளி விழுவதற்கு முன் அந்த எழுத்து விழும். நான் அந்த ஆறு கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

பெற்றோர் சந்திப்பு மாலையில் வைப்பார்கள், ஒரு ரீச்சரோடு பத்து நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம். பின்னேர சிஃப்ட் வேலை செய்கிற அம்மாவால் போக முடியாது. ஒருமுறை ஒரு அம்மா சம்பளத்தை விட்டுவிட்டுப் போனா, நானும் துணைக்குப் போனேன். நான் வாய் திறக்க முன்னர் மகள் மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டாள், வீட்டில் எல்லா இடத்திலும் அவள்தான் மொழிபெயர்ப்பு. வங்கி, டொக்டர், வாடகை அலுவலகம், எல்லாம். ரீச்சர் சொன்னதில் ஒன்றையும் அவள் மறைக்கவில்லை. "நான் வகுப்பில கதைக்கிறேல்லையாம். குறூப் வேலையில ஒதுங்கி நிக்கிறனாம். வீட்டு வேலை பிந்திக் குடுக்கிறனாம்." தன்னைப் பற்றிய குறைகளை எல்லாம் தன் வாயாலேயே, மேசையைப் பார்த்துக்கொண்டு, அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "நீ சாப்பாட்டு நேரத்தில ஆரோட இருக்கிறனி?" அதை அவள் இங்கிலிஷில் சொல்லவில்லை. நான் சொன்னேன். ரீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தனியேதான் சாப்பிடுகிறாள், சில நாள் கழிவறைப் பக்கம் போய் நிற்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரியவந்தது. அந்தக் கிழமையிலேயே ரீச்சர் அவளை நூலகத்தில் உதவி செய்கிற பிள்ளைகளோடு சேர்த்துவிட்டார்.

எந்தப் பிள்ளையையும் அந்தக் கதிரையில் இருத்தக்கூடாது. ரொறன்ரோ கல்விச் சபையிடம் முன்கூட்டியே கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வார்கள், காசு இல்லை. பல பள்ளிகளுக்குக் குடியேற்ற உதவிப் பணியாளரும் வருவார். அவர் பேரைக் கேட்டுத் தெரிந்து வைத்திருங்கள்.

இனி வீட்டுக்குள் நடப்பது. இதைச் சொல்லாமல் படிப்பைப் பற்றி மட்டும் சொன்னால் பாதியைச் சொன்னதாகத்தான் இருக்கும்.

பிள்ளைக்கு ஆறு வயதாக இருக்கும்போது கனடா வந்த அப்பா. வழக்கு, விசா, விண்ணப்பம் என்று போய், மகன் வந்து சேரும்போது பதினைந்து. இடையில் இருவருக்கும் தெரிந்தது ஃபோனில் வருகிற முகம். அப்பா இரண்டு வேலை செய்து கடன் கட்டி எடுப்பித்திருக்கிறார். அவருக்கு மகன் படித்தால் போதும். மகனுக்கோ ஊரில் விட்டு வந்த கூட்டாளிகள், அம்மம்மா, பின்னேரம் பந்தடித்த மைதானம். வீட்டில் அப்பா சொல்கிற வசனம் எல்லாம் "படி" என்பதிலேயே முடியும். மகன் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வான். நான் பார்த்த இடைவிலகல்களில் கணக்கு வராமல் நடந்ததைவிட இப்படித் தொடங்கியதுதான் அதிகம்.

இப்படியான ஒரு அப்பாவிடம், மகனுக்குப் பதினாறு ஆன கையோடு ஜி1 (கார் பழகுநர் உரிமம்) எடுக்கச் சொல்லுங்கள், கார் ஓட நீங்களே பழக்குங்கள் என்று சொன்னேன். டெலிவரி ஓடுகிறவர், கைதேர்ந்த ஓட்டுநர். ஞாயிறு காலையில் கடைகள் திறக்க முன்னர் ஒரு பிளாசாவின் வெறுமையான வாகனத் தரிப்பிடத்தில் இருவரும் சுற்றினார்கள். பின்னுக்கு எடுத்துத் தரிக்கப் பழக்கியபோது, முதல் பனிக்காலத்தில் தன் கார் எப்படி வழுக்கிப் போய்ப் பனிக்குவியலில் ஏறியது, யார் வந்து தள்ளிவிட்டார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். மகன் எனக்கு அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான். அப்பாவிடம் இருந்து அவன் கேட்ட முதல் கதை அது என்று நினைக்கிறேன். படிப்பைப் பற்றி அந்தக் காருக்குள் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்பதுதான் நான் போட்ட ஒரே நிபந்தனை. அப்பா அதைக் காப்பாற்றினார்.

பள்ளிக்குள் இன்னொரு சுவர் இருக்கிறது, அதை எழுப்பியது நாங்களேதான். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் புதிதாக வந்தவர்களை 'ஃபிரெஷி' என்று கூப்பிட்டு ஒதுக்குவது. உடுப்பு, உச்சரிப்பு, சிரிக்கிற விதம், எல்லாமே பகிடி. வெள்ளைக்காரப் பிள்ளை பகிடி பண்ணினால் தாங்கிக்கொள்கிறவன், தன்னைப் போலவே பெயர் உள்ள ஒருவன் பண்ணும்போது உடைந்துபோகிறான்.

இதற்கு எங்களுக்குக் கிடைத்த வழி, ஒன்ராறியோப் பட்டயத்துக்குக் கட்டாயமான 40 மணி நேரத் தொண்டு. 9ஆம் வகுப்புக்கு முந்திய கோடை விடுமுறையிலேயே அதைத் தொடங்கலாம், ஆனால் அநேகம் பேர் 12ஆம் வகுப்பில் கடைசி நேரத்தில் ஓடித் திரிவார்கள். இங்கே பிறந்த 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளை அந்த மணி நேரத்துக்காக எங்கள் வட்டத்துக்குக் கூப்பிடுகிறோம். ஆளுக்கு ஒரு புதுப் பிள்ளை. ஒருவர் இங்கிலிஷ் கட்டுரையைத் திருத்துவார், மற்றவர் அவருடைய தமிழ்க் கிரெடிட் கட்டுரையைத் திருத்துவார். மணி நேரம் முடிந்த பிறகும் பலர் வருகிறார்கள். பள்ளி நடைபாதையில் எதிரே கண்டால் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒரு புதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய காவல் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

காவல் என்று தெரிந்துதான் சொல்கிறேன். 1990களில் இதே தெருக்களில் எங்கள் பெடியள் குழுக்களாகப் பிரிந்து வெட்டுக்குத்து, துப்பாக்கி என்று போன காலத்தை இங்கே மூத்தவர்கள் மறக்கவில்லை. 2001இல் பொலிஸ் ஒரே வீச்சில் பலரைப் பிடித்துக்கொண்டு போனது. அவர்களில் நான் அறிந்த சிலர் போருக்குள் இருந்து பதின்ம வயதில் தனியாகவோ தூரத்து உறவினரோடோ வந்தவர்கள். பள்ளியில் ஒட்ட முடியாதவனைத் தெருவில் ஒருவன் "வாடா தம்பி" என்று கூப்பிட்டான், போனான். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் அந்தக் காலத்து இளைஞர்களே 1990களின் கடைசியில் கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையத்தைத் தொடங்கினார்கள். நகரின் மறுபக்கம் ரீஜண்ட் பார்க்கில் 2001இல் பாத்வேஸ் என்ற திட்டம் வந்தது. மாலை வகுப்பு, வழிகாட்டி, பஸ் ரிக்கற், மேற்படிப்புக்கென்று பிள்ளையின் பெயரில் சேர்கிற பணம், எல்லாம் ஒன்றாக. பஸ் ரிக்கற் கொடுத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். பஸ் காசு இல்லாமல் பள்ளிக்கு வராத பிள்ளையை நானும் பார்த்திருக்கிறேன், காய்ச்சல் என்று சொல்லிவிடுவான்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிற வீடுகளுக்கு: பயப்படாமல் பிள்ளையைப் பள்ளியில் சேருங்கள். பெற்றோருக்கோ பிள்ளைக்கோ குடிவரவு அந்தஸ்து இல்லை என்பதற்காகப் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று ஒன்ராறியோக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. மேற்படிப்புக்கு மாகாண அரசு கொடுக்கிற ஓசாப் பண உதவி அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு உண்டு, வழக்கு முடியாதவர்களுக்கு இல்லை. 12ஆம் வகுப்புப் பிள்ளை இருந்தால் வழக்கறிஞரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

பாடத் தெரிவு ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் முடிந்துவிடும். ஜனவரி மாத வியாழன் மாலைகளில் எங்கள் அறையில் அதை மட்டும்தான் பார்க்கப் போகிறோம். பிள்ளையின் கடைசி றிப்போட்டையும், பள்ளி அனுப்பிய பாடப் பட்டியலையும் கொண்டு வாருங்கள், அப்பா அம்மாவில் ஒருவராவது கட்டாயம் கூட வாருங்கள். கணக்குக்கும் பௌதிகத்துக்கும் எங்களிடம் ஆள் இருக்கிறது. 11ஆம் வகுப்பு இரசாயனவியலுக்கு இல்லை. வேலை முடிந்து ஏழு மணிக்கு வரக்கூடிய, ஊரில் ஏ.எல். (உயர்தர வகுப்பு) இரசாயனவியல் படித்த யாராவது இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள், இங்கிலிஷ் சரளமாக வர வேண்டும் என்று இல்லை, அதற்குப் பக்கத்தில் ஒரு 12ஆம் வகுப்புப் பிள்ளையை இருத்திவிடுகிறேன்.